‘புரிந்ததா?’ என்று கேட்பதை நிறுத்திப் பாருங்கள்

கேள்வி: காரைக்குடிக்கு அருகில் ஓர் ஊரில், அரசு உதவி பெறும் பள்ளியில் சென்ற ஜூன் மாதம் கணித ஆசிரியையாகச் சேர்ந்தேன். ஆறாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறேன். பள்ளி நடப்பது பழைய செட்டிநாட்டுக் கட்டடத்தில். உயரமான கூரை, வகுப்பின் நடுவே இரண்டு தூண்கள். எட்டாம் வகுப்பில் 44 பேர். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. முன்வரிசையில் நான்கைந்து பேர் மட்டும் பதில் சொல்கிறார்கள். பின்வரிசை தனி உலகம். சிலருக்கு வாய்ப்பாடே தெரியவில்லை. ‘புரிந்ததா?’ என்றால் ‘புரிந்தது டீச்சர்’ என்கிறார்கள். தேர்வுத் தாளில் ஒன்றும் இல்லை. பாடத்தைச் சுவையாக்கலாம் என்று ஆறாம் வகுப்பில் ஆத்தங்குடிக் கற்களை (பூ வடிவம் போட்ட தரைக் கற்கள்) கொண்டுவந்து சமச்சீர் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் பூ வரைந்தார்கள், வண்ணம் தீட்டினார்கள். வகுப்பே கொண்டாட்டமாக இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சமச்சீர்க் கோடு வரையச் சொன்னால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். பக்கத்து வகுப்பு சார் பிரம்பு வைத்திருக்கிறார். அவர் நுழைந்தாலே அமைதி. தலைமையாசிரியர் ‘கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள்’ என்கிறார். வீட்டில் வங்கித் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார்கள். எனக்கு இந்த வேலை வராதோ? – ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கொண்டாட்டமாக முடிந்த ஒரு பாடத்தை, ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேட்டுப் பார்த்திருக்கிறீர்கள். சர்வீஸில் பாதியைத் தாண்டியவர்களிலும் பலர் இதைச் செய்வதில்லை. பாடம் நன்றாகப் போயிற்று என்ற திருப்தியோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். வேலை வராதவர் எழுதும் கடிதம் இப்படி இருக்காது. ஆகவே அந்தக் கவலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம்.

கற்பித்தல் பயிற்சிக்கு வரும் இளம் ஆசிரியர்களின் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் தொழில். அங்கிருந்து பார்த்தால் ஆசிரியரைவிடப் பிள்ளைகள்தான் நன்றாகத் தெரிவார்கள். நாற்பது நிமிடப் பீரியடில் பெரும்பகுதி ஆசிரியர் பேசுவார், எழுதுவார், துடைப்பார். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அல்லது பார்ப்பதுபோல் இருப்பார்கள். ஆசிரியர் அவர்களுடைய நோட்டைப் பார்க்கும் நேரம் ஐந்து நிமிடம்கூட இராது. உங்கள் வகுப்பும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது என்று உங்கள் கடிதமே காட்டிக்கொடுக்கிறது. சத்தம், பின்வரிசை, வெற்றுத் தேர்வுத் தாள் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே நோயாகத் தெரிகின்றன. வகுப்பு உங்களைப் பார்க்கும் நேரத்தைக் குறையுங்கள்; நீங்கள் வகுப்பைப் பார்க்கும் நேரத்தைக் கூட்டுங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இதற்கான வழிகள்தாம்.

‘புரிந்ததா?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோம். நம் வகுப்பறைகளில் இது கேள்வியே இல்லை. ஆசிரியர் கேட்பார், வகுப்பு ராகம் போட்டு ‘புரிந்த்…தது’ என்று இழுக்கும், பாடம் நகரும். ‘புரியவில்லை’ என்று சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 43 பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதைவிட, தனக்குப் புரியவில்லை என்பதே பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நீங்கள் கரும்பலகையில் போடும்போது எல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் ஒரு சின்னக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, ‘எல்லாரும் நோட்டில் போடுங்கள், பேசக்கூடாது, இரண்டு நிமிடம்’ என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்குங்கள். பென்சில் அசைகிறதா, எதில் நிற்கிறது, பக்கத்து நோட்டில் எட்டிப் பார்ப்பது யார் என்று பாருங்கள். இரண்டு நிமிடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் செய்தி, நீங்கள் நாற்பது முறை ‘புரிந்ததா?’ என்று கேட்டாலும் கிடைக்காது.

வாய்வழிக் கேள்வியும் இப்படித்தான். ‘தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்’ என்றால் உங்கள் முன்வரிசை நால்வர் தூக்குவார்கள். மற்ற நாற்பது பேருக்கும் யோசிக்க வேண்டிய கட்டாயம் அந்த நொடியிலேயே தீர்ந்துபோகிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். 1974இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, பெரும்பாலும் ஒரு விநாடி அளவுதான். அதற்குள் பதில் வராவிட்டால் ஆசிரியரே சொல்லிவிடுகிறார், அல்லது வேறொருவரிடம் தாவிவிடுகிறார். அதையே மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீளமாயின. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது கேட்கச் சிறியது. நின்று பாருங்கள், யுகமாக இருக்கும். மனத்துக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். கேள்வியை முதலில் கேளுங்கள், பிறகு பொறுங்கள், அதன்பின் பெயரைச் சொல்லுங்கள். பெயரை முதலில் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டால் மற்ற எல்லோரும் ஓய்வெடுத்துக்கொள்வார்கள். தப்பான பதில் வந்தால் முகத்தைச் சுளிக்காமல், ‘எப்படி வந்தது, சொல்லு’ என்று கேளுங்கள். சரியான பதிலுக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தக் கேள்வி வந்தாலே தான் தப்பு என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இனி ஒரு பாடத்தையே எடுத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பில் ‘வாழ்வியல் கணிதம்’ வருகிறது. அதில் கூட்டு வட்டி. நம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. ரங்கூனில் வட்டித் தொழில் செய்து, அங்கே கோயிலில் கூடி நடப்பு வட்டி, அதாவது அப்போதைய வட்டி விகிதம், பேசி முடிவு செய்த செட்டியார்களின் ஊர் இது. பெரும்பாலான வகுப்புகளில் இந்தப் பாடம் எப்படித் தொடங்குகிறது என்றால், சூத்திரத்தைப் பலகையில் எழுதிக் கட்டம் கட்டி, ‘இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்’ என்பதில். பிள்ளைகள் செய்துகொள்வார்கள். அடுக்குக் குறி எதற்கு வந்தது என்று கேட்டால் தெரியாது.

நீங்கள் இப்படித் தொடங்கிப் பாருங்கள். இரண்டு பேர் ஆளுக்கு 10,000 ரூபாய் போடுகிறார்கள், ஆண்டுக்கு 10 சதவீத வட்டி, மூன்று ஆண்டு. முதலாமவர் ஆண்டுதோறும் வட்டியை எடுத்துச் செலவழித்துவிடுகிறார். இரண்டாமவர் வட்டியைத் தொடாமல் முதலோடு சேர்த்து விட்டுவிடுகிறார். மூன்று ஆண்டில் இருவருக்கும் வட்டியாகச் சேருவது ஒரே தொகையா, வேறா? வேறென்றால் யாருக்கு எவ்வளவு அதிகம்? கணக்குப் போடாமல் முதலில் ஊகம் மட்டும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அது அவர்களுடைய பந்தயம். முடிவைத் தெரிந்துகொள்ளாமல் தலையைத் திருப்ப மாட்டார்கள். பிறகு ஆண்டு ஆண்டாகப் போட விடுங்கள். முதல் ஆண்டு இருவருக்கும் 1,000. இரண்டாம் ஆண்டு ஒருவருக்கு 1,000, மற்றவருக்கு 1,100. இங்கே நிறுத்துங்கள். ‘இந்த நூறு ரூபாய் எங்கிருந்து வந்தது?’ அந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஆயிரத்துக்கு வந்த வட்டி அது என்று ஏதோ ஒரு மூலையிலிருந்து குரல் வரும். வரும்வரை பொறுங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மூன்றாம் ஆண்டில் அவருக்கு 1,210. மொத்த வட்டி ஒருவருக்கு 3,000, மற்றவருக்கு 3,310. 10,000, 11,000, 12,100, 13,310 என்று ஒரே வரிசையாகப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் முந்தையதை எதனால் பெருக்கினால் வருகிறது என்று கேட்டால், சூத்திரத்தைப் பிள்ளைகளே தொட்டுவிடுவார்கள். மறுநாள் அதை எழுதிக் கட்டம் கட்டிக்கொள்ளலாம்.

நடந்துபோய் நோட்டுகளைப் பார்க்கும்போது ஒரு தப்பு நிச்சயம் கண்ணில் படும். இரண்டாம் ஆண்டுக்கும் 10,000க்கே வட்டி கணக்கிட்டு, 1,000 என்று எழுதியிருப்பார்கள். இந்தத் தப்பு வரும் என்பது முதல்நாள் இரவே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாடக்குறிப்பு நோட்டு ஆய்வுக்கு வருகிறவர்களுக்காக எழுதுவது. அதை எழுதத்தான் வேண்டும், எழுதுங்கள். உங்களுக்காக அரைத்தாளில் வேறொன்று எழுதிக்கொள்ளுங்கள்: மணி அடிக்கும்போது பிள்ளைகள் தாமாக எதைப் போட்டுக் காட்ட வேண்டும், அதற்கு நான் கேட்கப்போகும் முக்கியக் கேள்வி எது, எங்கே தடுக்கி விழுவார்கள். அவ்வளவு போதும்.

இந்தப் பாடத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ‘இரண்டு வட்டி’ என்று கடைத்தெருவில் சொல்வது மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம் என்று கணக்கிட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் ‘உங்கள் வீட்டில் யார் கடன் வாங்கியிருக்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அம்மாவின் சங்கிலி அடகுக் கடையில் இருப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். வகுப்புக்குத் தெரிய வேண்டியதில்லை. வாழ்க்கையோடு இணைத்துப் பாடம் நடத்துங்கள் என்று பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். யாருடைய வாழ்க்கையை எதுவரை தொடலாம் என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

ஆத்தங்குடிக் கல்லுக்கு வருகிறேன். உங்கள் யோசனை நல்ல யோசனை, நடந்தது வேறு. அந்தப் பீரியடில் பிள்ளைகளின் மனம் எதில் இருந்தது? பூவில், வண்ணத்தில், யாருடைய சிவப்பு நன்றாக இருக்கிறது என்பதில். அதுதான் நினைவில் நின்றிருக்கும், கேட்டால் இப்போதும் சொல்வார்கள். எதைப் பற்றி யோசித்தார்களோ அது தங்கியது. சமச்சீரைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை அன்று வரவில்லை. சுவையான வகுப்பு என்ற பெயரில் இன்று காணொளிகளில் சுற்றும் பலவற்றுக்கும் இதே கதிதான். ஆசிரியர் ஆடுகிறார், பிள்ளைகள் சிரிக்கிறார்கள், பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. கணக்கு எங்கே என்று எனக்குத் தேட வேண்டியிருக்கிறது.

அதே கல்லை வைத்து மறுபடி நடத்துங்கள். வண்ணப் பென்சில் வேண்டாம். நான்கு கல் சேர்ந்தால் ஒரு முழுப்பூ வரும்படியான கற்கள் உண்டல்லவா, ஒரு மூலையில் மட்டும் கால் பூ இருக்குமே, அந்த வடிவத்தைத் தாளில் சதுரமாக வரைந்து படியெடுத்து ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கேள்வி: இந்த ஒரு சதுரத்தை எத்தனை விதமாக மடித்தால் பாதி பாதியோடு அப்படியே பொருந்தும்? சதுரத்துக்கு நான்கு சமச்சீர்க் கோடுகள் என்று படித்தவர்கள் நான்கு என்பார்கள். மடித்துப் பார்த்தால் பூவிருக்கும் மூலை வழியாகப் போகும் மூலைவிட்டம் ஒன்றுதான் பொருந்தும். இப்போது நான்கு பேர் தங்கள் தாள்களைச் சேர்த்து முழுப்பூ ஆக்கட்டும். இனி எத்தனை கோடு? நான்கு. ஒரு கல்லில் இல்லாத மூன்று கோடுகள் எங்கிருந்து முளைத்தன என்று நான்கு பேரும் சண்டை போடுவார்கள். போடட்டும். ஒற்றைக் கல்லைக் கால் வட்டம் திருப்பினால் திருப்பியது தெரிகிறது, நான்கு கல்லையும் சேர்த்துத் திருப்பினால் தெரியவில்லை என்று கண்டுபிடித்தால் சுழல் சமச்சீரும் வந்துவிட்டது.

முடிக்குமுன் ஒரு செவ்வகத் தாளைக் கொடுங்கள். மூலைவிட்டத்தில் மடித்தால் பொருந்துமா? மடிக்காமல் சொல்லச் சொன்னால் வகுப்பில் பெரும்பாலோர் ‘பொருந்தும்’ என்பார்கள். மடித்தால் இரண்டு காதுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நொடியில் ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் முகத்தில் வரும் திகைப்பைத்தான் நான் சுவை என்பேன். சிரிப்பும் பாட்டும் வந்தால் வேண்டாமென்று தள்ள வேண்டாம், அவை கூடுதல்.

மறதிக்கும் ஒரு மருந்து சொல்லிவிடுகிறேன். ஒரு வாரத்தில் மறந்துவிட்டார்கள் என்று வருந்துகிறீர்கள். மறப்பார்கள், மனித மூளை அப்படித்தான். ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாக நினைவு கூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். இதை உங்கள் பீரியடின் முதல் ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுங்கள். நீங்கள் நுழையும்போதே பலகையில் மூன்று கணக்குகள் இருக்கட்டும்: நேற்று நடத்தியதில் ஒன்று, சென்ற வாரத்தில் ஒன்று, போன பருவத்தில் ஒன்று. பிள்ளைகள் உட்கார்ந்ததும் நோட்டைத் திறந்து போடத் தொடங்க வேண்டும். நீங்கள் வருகைப் பதிவை எடுத்துக்கொள்ளலாம். மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் அது பரீட்சை ஆகிவிடும், பார்த்து எழுதத் தொடங்குவார்கள்.

இந்த மூன்று கணக்கு உங்கள் சத்தப் பிரச்சினையிலும் பாதியைத் தீர்த்துவிடும். ஜேக்கப் கூனின் என்ற ஆய்வாளர் பல வகுப்பறைகளைப் படம்பிடித்து ஆராய்ந்து 1970இல் எழுதியது ஆசிரியர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத செய்தி. கட்டுப்பாடான வகுப்புகளின் ஆசிரியர்களும் கட்டுப்பாடில்லாத வகுப்புகளின் ஆசிரியர்களும், குறும்பு நடந்தபின் அதைக் கண்டிக்கும் முறையில் பெரிதாக வேறுபடவில்லை. குறும்புக்கு இடம் கொடுக்காதபடி பாடத்தை இடைவெளியின்றி நகர்த்துவதிலும், வகுப்பின் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்று தமக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவதிலும்தான் வேறுபட்டார்கள். வகுப்பில் சத்தம் எப்போது எழுகிறது என்று கவனியுங்கள். நீங்கள் முதுகைக் காட்டிப் பலகை முழுக்க எழுதும்போது, நோட்டு விநியோகிக்கும்போது, முதலில் முடித்த பத்துப் பேர் சும்மா இருக்கும்போது. முடித்தவர்களுக்கு அடுத்த கணக்கு பலகையில் தயாராக இருக்கட்டும். எழுதும்போது பக்கவாட்டில் நின்று, இரண்டு வரிக்கு ஒருமுறை திரும்புங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் நாளில் சிராவயல் மஞ்சுவிரட்டைத் தவிர வேறெதுவும் காதில் ஏறாது. அன்று ஐந்து நிமிடம் பேசவிட்டுவிடுங்கள், தப்பில்லை.

உங்கள் கட்டடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரமான கூரை, கல்தரை, தடித்த சுவர் – ஒலியை விழுங்க அங்கே ஒன்றுமே இல்லை. நீங்கள் குரலை உயர்த்தினால் அது சுற்றிச் சுற்றி வந்து உங்கள் அடுத்த சொல்லையே மறைக்கும். சத்தத்துக்கு நடுவில் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள் என்று லொம்பார்டு என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதிவிட்டார். நீங்கள் கத்தினால் பிள்ளைகளும் கூட்டிப் பேசுவார்கள். அந்தக் கட்டடத்தில் மெதுவாக, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டுப் பேசுவதுதான் வழி. அமைதி வேண்டுமென்றால் ஒரே இடத்தில் நின்று கையை உயர்த்துங்கள், அல்லது பலகையில் இரண்டு தட்டு. என்ன அடையாளம் என்பதை முதலிலேயே சொல்லிப் பழக்கிவிடுங்கள். முழு அமைதி வராமல் அடுத்த சொல்லைப் பேசாதீர்கள். முதல் வாரம் நேரம் வீணாவதுபோல் தோன்றும். தொண்டைக் கம்மல் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தை நம்பியிராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

தூண்கள் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று உங்களைவிட உங்கள் பின்வரிசைக்கு நன்றாகத் தெரியும். கடைசி பெஞ்சில் நீங்களே ஒவ்வோர் இடமாக உட்கார்ந்து பலகை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாத இடத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள். பிறகு தூண்களைச் சுற்றி வரும்படி ஒரு நடைபாதை வைத்துக்கொள்ளுங்கள். பீரியடில் சில தடவையாவது அந்தப் பாதையில் போய்வர வேண்டும். பாடத்தின் ஒரு பகுதியைப் பின்னால் நின்றே நடத்துங்கள். பின்வரிசை அப்போது முன்வரிசை ஆகிவிடும்.

பிரம்பு விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17: எந்தக் குழந்தையையும் உடலால் தண்டிக்கவோ மனத்தால் துன்புறுத்தவோ கூடாது. முட்டி போட வைப்பதும் ‘உனக்கெல்லாம் எதற்குப் படிப்பு’ என்பதும் சேர்த்துத்தான். சட்டம் கிடக்கட்டும், அந்த சாரின் வகுப்பு அமைதியாக இருக்கிறது என்கிறீர்கள், அங்கே எத்தனை பேர் கேள்வி கேட்கிறார்கள் என்று எழுதவில்லையே. கண்டிப்பு என்று உங்கள் தலைமையாசிரியர் சொல்வதை நான் வேறு விதமாக எடுத்துக்கொள்வேன். சொன்னதைச் செய்வது. இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம். வீட்டுப்பாடம் பார்ப்பேன் என்றால் மறுநாள் பார்த்தாக வேண்டும், இல்லையென்றால் கொடுக்காமல் இருங்கள்.

வாய்ப்பாடு தெரியாத பிள்ளைகளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பீரியடில், 44 பேரில், நீங்கள் ஒருவராக அதைச் சரிசெய்ய முடியாது. யாராவது முடியும் என்று சொன்னால் நம்பாதீர்கள். செய்யக்கூடியது இது: முதலில் அவர்கள் யார் யார் என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்தாம் வாய்ப்பாட்டில் நிற்பவனும் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாதவளும் ஒரே ரகம் அல்லர். கூட்டு வட்டிப் பாடத்தன்று அவர்களுக்கு வாய்ப்பாட்டுத் தாளைக் கையில் கொடுத்துவிடுங்கள். அன்றைய பாடம் வட்டி, பெருக்கல் அன்று. பெருக்கலுக்குத் தனியாக, தினம் ஐந்து நிமிடம், பக்கத்தில் உட்காரும் பிள்ளையோடு. பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளைகள் செய்த வேலைதான். எழும்பூரில் ராணுவ அனாதை விடுதியை நடத்த 1789இல் வந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அந்த முறையை விடுதியில் புகுத்தினார். பெரிய பிள்ளைகளைக் கொண்டு சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துக்குப் போயிற்று. ஒரே நிபந்தனை: சொல்லிக்கொடுக்கிற பிள்ளை விடையைச் சொல்லக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். இதைப் பழக்கச் சில வாரம் ஆகும்.

நீங்களும் யாரிடமாவது கற்க வேண்டுமல்லவா. 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு, இருந்தாலும் உண்மையான வகுப்பின் முன் நிற்கும் வாரங்கள் கொஞ்சம்தான். இந்த ஊர்ச் செட்டியார்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடங்களில் பெட்டியடிப் பையனாக, கடையின் கடைநிலை ஆளாகச் சேர்ந்தவன், கடையை நடத்தும் மேலாள் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறார், யாருக்குக் கடன் இல்லை என்கிறார், எப்படி இல்லை என்கிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துத்தான் மேலாளுக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்தான். ஆசிரியர் தொழிலில் மட்டும் முதல் நாளே தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு மேலாளாகிவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். உங்கள் பள்ளியில் எந்த வகுப்பில் பிள்ளைகள் பிரம்பில்லாமல் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். அது தமிழ் வகுப்பாக இருந்தாலும் சரி, கைவேலை வகுப்பாக இருந்தாலும் சரி. ‘டீச்சர், உங்கள் வகுப்பில் கடைசியில் உட்கார்ந்து பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் பாருங்கள்: வகுப்பை எப்படித் தொடங்குகிறார், அல்லது தப்பான பதிலை என்ன செய்கிறார். பள்ளியில் யாரும் சம்மதிக்காவிட்டால், காரைக்குடியில் கல்லூரிகள் நிறுவிய அழகப்பரின் புண்ணியத்தில் அந்த ஊரைச் சுற்றி ஓய்வுபெற்ற நல்லாசிரியர்களுக்குப் பஞ்சமில்லை, ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதோடு, செல்பேசியில் உங்கள் குரலை மட்டும் பத்து நிமிடம் பதிவு செய்து வீட்டில் கேளுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். எத்தனை கேள்வி கேட்டீர்கள், எத்தனைக்கு நீங்களே பதில் சொன்னீர்கள், எத்தனை பேருடைய பெயர் வந்தது என்று எண்ணினால் போதும். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள்.

இவ்வளவையும் திங்கட்கிழமை தொடங்கிவிடாதீர்கள், அம்மா. முதலில் பலகையில் மூன்று கணக்கும், நோட்டைப் பார்க்கும் நடையும் மட்டும். அவை கைக்குப் பழகியபின் கேள்விக்குப் பொறுப்பது. மற்றவை அடுத்த பருவத்தில்.

வங்கித் தேர்வு பற்றி: விருப்பம் இருந்தால் எழுதுங்கள், அதில் குற்றமில்லை. இந்த வகுப்பிலிருந்து தப்பிப்பதற்காக மட்டும் எழுதுவதாக இருந்தால், முடிவை மே மாதத்துக்குத் தள்ளிப்போடுங்கள். முதல் ஆண்டின் நடுவில் நிற்கும் எந்த ஆசிரியருக்கும் தம் வேலையைப் பற்றிச் சரியான மதிப்பீடு இருக்காது.

கடைசியாக, தலைமையாசிரியர். நான்கு பேர் தாளைச் சேர்த்து வைத்துச் சமச்சீர்க் கோட்டுக்குச் சண்டை போடும்போது வகுப்பில் சத்தம் வரத்தான் செய்யும். வராந்தாவில் போகிறவருக்கு அது பழைய கூச்சலாகத்தான் கேட்கும். அதனால் முதல்நாளே போய்ச் சொல்லிவிடுங்கள்: ‘நாளை மூன்றாம் பீரியடில் ஆறாம் வகுப்பில் குழு வேலை வைத்திருக்கிறேன், ஐயா. பதினோரு மணி வாக்கில் பத்து நிமிடம் வந்து உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகளிடம் என்ன செய்கிறீர்கள் என்று நீங்களே கேளுங்கள்.’ வந்தால் அவருக்கும் ஒரு தாளைக் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள், செவ்வகத் தாளாகப் பார்த்து.